மின்சார ஸ்கூட்டர் யாருக்கு லாபம்?

பெங்களூர்ச் சாலைகளில் பச்சை நம்பர் பலகை மாட்டிய ஸ்கூட்டர்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. சத்தம் இல்லை, புகை இல்லை, பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும் வேலையும் இல்லை. பீனியா தொழிற்பேட்டைக்கும், ஒயிட்பீல்டுக்கும், எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் அன்றாடம் போய்வரும் தமிழர்களிடையே "நாமும் ஒன்று வாங்கிவிடலாமா?" என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. மாதக் கடைசியில் பெட்ரோலுக்குக் காசு எண்ணும் குடும்பங்களில் இந்தப் பேச்சு எழுவதில் வியப்பொன்றும் இல்லை.

தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்குகிற எல்லோருக்கும் அது லாபமாக முடிவதில்லை. எந்தக் கம்பெனி, என்ன நிறம், எவ்வளவு வேகம் என்பவை பின்னால் கேட்க வேண்டிய கேள்விகள். முதலில் கேட்க வேண்டியவை இரண்டே இரண்டு. நாள் ஒன்றுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும்? இரவில் அதை எங்கே நிறுத்திச் சார்ஜ் செய்வது? இவ்விரண்டுக்கும் திருப்தியான பதில் உள்ளவருக்கு மின்சார ஸ்கூட்டர் நல்ல துணை. பதில் இல்லாதவருக்கு அது கடன் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த கவலை.

ஓசூரிலிருந்து வரும் வண்டிகள்

மின்சார வாகனங்களுக்கென்று தனிக் கொள்கை வகுத்த முதல் மாநிலம் கர்நாடகம். 2017ஆம் ஆண்டில் அந்தக் கொள்கை வெளியாயிற்று. ஆனால் இந்த நகரில் ஓடும் வண்டிகளில் பெரும்பகுதி எல்லை தாண்டித் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இரு இளைஞர்கள் 2013ல் தொடங்கிய ஏத்தர் எனர்ஜி நிறுவனம், 2018ல் தனது முதல் ஸ்கூட்டரைப் பெங்களூரில்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது. டி.வி.எஸ். நிறுவனத்தின் ஐகியூப் ஸ்கூட்டர் 2020 ஜனவரியில் இங்கே அறிமுகமாயிற்று. அந்த நிறுவனத்தின் ஆலை ஓசூரில் இருப்பதை இந்தப் பகுதித் தொழிலாளர்கள் நன்கு அறிவார்கள். ஓலா எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொழிற்சாலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கம் அமைந்துள்ளது. பிழைப்புக்காக இங்கே வந்தவர் ஓட்டுகிற வண்டியும் அவருடைய ஊர்ப் பக்கத்திலிருந்தே வருகிறது.

எப்படி ஓடுகிறது?

மின்சார ஸ்கூட்டரின் அமைப்பு மிக எளிமையானது. பாட்டரி, மோட்டார், இவ்விரண்டுக்கும் நடுவே நின்று மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலர் ஆகிய மூன்றும்தான் முக்கிய உறுப்புகள். கைப்பிடியைத் திருகினால் கண்ட்ரோலர் மோட்டாருக்கு மின்சாரத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. கியர் இல்லை, கிளட்ச் இல்லை, கிக்கர் இல்லை.

பெட்ரோல் என்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மீதியெல்லாம் வெப்பமாக வீணாகிறது. மோட்டாரிலோ பெரும்பகுதி சக்தி சக்கரத்துக்கே போய்ச் சேருகிறது. செலவு குறைவதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

பாட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் மணி என்று குறிப்பிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், மின்சார பில்லில் வரும் 'யூனிட்' என்பதும் இதுவும் ஒன்றுதான். 3 கிலோவாட் மணி பாட்டரி என்றால் அதில் 3 யூனிட் மின்சாரம் கொள்ளும். நகரப் போக்குவரத்தில் ஒரு ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் சுமார் 25 முதல் 30 கி.மீ. வரை ஓடும்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்...

ஈஜிபுராவில் குடியிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போக வர 30 கி.மீ. மாதம் 25 நாள் வேலை என்றால் 750 கி.மீ. ஆகிறது. பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கிறது, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதச் செலவு சுமார் 1,670 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சார ஸ்கூட்டருக்கு, சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 30 யூனிட் தேவைப்படும். யூனிட் 7 ரூபாய் என்றால் 210 ரூபாய். மாதத்துக்கு 1,460 ரூபாய் மிச்சம்; வருடத்துக்குச் சுமார் 17,500 ரூபாய்.

மின்சார வண்டியின் விலை பெட்ரோல் வண்டியைவிட 25,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் கூடுதல் தொகை ஒன்றரை ஆண்டில் வசூலாகிவிடும். என்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் பில்டர் செலவுகளும் கிடையாது. பிரேக், டயர் போன்றவற்றுக்கு மட்டும் வழக்கம்போல் செலவழிக்க வேண்டும்.

இப்போது மற்றொருவரைப் பார்ப்போம். அல்சூரில் குடியிருந்து சிவாஜிநகரில் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. போக வர 6 கி.மீ. மாதத்துக்கு 150 கி.மீ.தான். இவருக்குப் பெட்ரோல் செலவே சுமார் 330 ரூபாய்தான். மின்சாரத்துக்கு மாறினால் மிச்சமாவது 290 ரூபாய். 25,000 ரூபாய் திரும்பி வர ஏழு ஆண்டுகள் பிடிக்கும். வண்டியைத் தவணையில் வாங்கினால், மிச்சமாகும் பணத்தில் பாதி வட்டிக்கே போனாலும் போகும்.

இருவர் வாங்கும் வண்டியும் ஒன்றே. லாபம் மட்டும் ஒன்றல்ல. நாள் ஒன்றுக்கு 25 கி.மீ.க்கு மேல் ஓடுபவர்களுக்கே இந்த வண்டி சீக்கிரம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும். வீடு வீடாகப் பார்சல் கொண்டு சேர்க்கும் பையன்கள் மின்சார வண்டிக்கு முதலில் மாறியதற்குக் காரணமும் இதுவே. அவர்களுக்கு அன்றாட ஓட்டம் அதிகம்.

மத்திய அரசு மானியத்தைப் பொறுத்தவரை, 2015 முதல் பல திட்டங்கள் மாறி மாறி வந்துள்ளன. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில், பாட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு முதல் ஆண்டு 5,000 ரூபாய் என்றும், அடுத்த ஆண்டு 2,500 ரூபாய் என்றும் உதவித் தொகை குறைக்கப்பட்டது. மானியம் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே வந்திருப்பதால், அதை நம்பிக் கணக்குப் போடாமல் கடையில் கையிலிருந்து கொடுக்கும் விலையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

விளம்பரத் தூரமும் உண்மைத் தூரமும்

'ஒரு சார்ஜில் 120 கி.மீ.' என்று விளம்பரத்தில் இருந்தால், அது சோதனை முறையில் அளந்த தூரம். மேம்பாலம் ஏறி இறங்கி, சிக்னலுக்குச் சிக்னல் நின்று, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் 85 அல்லது 90 கி.மீ. எதிர்பார்ப்பதே சரி. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு பன்மடங்கு ஏறுவதால், 40 கி.மீ. வேகத்தில் போகிறவரைவிட 70 கி.மீ. வேகத்தில் போகிறவருக்குப் பாட்டரி வெகு சீக்கிரம் இறங்கும். டயரில் காற்றுக் குறைந்தாலும் தூரம் குறையும்.

வயதாக ஆக பாட்டரியின் கொள்ளளவும் குறைந்துகொண்டு வரும். ஆகையால் அன்றாடத் தேவையைப் போல் இரண்டு மடங்கு தூரம் ஓடக்கூடிய வண்டியைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். பாட்டரிக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கி.மீ., கொள்ளளவு எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். உத்தரவாதம் முடிந்தபின் புதுப் பாட்டரி வாங்குவது வண்டி விலையில் கணிசமான பங்கை விழுங்கும் செலவு.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஈய-அமில பாட்டரி வைத்த வண்டிகளைச் சிலர் வாங்குகிறார்கள். கனம் அதிகம், ஆயுள் குறைவு. லித்தியம் பாட்டரி வண்டிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண் போகாது.

பிளக் பாயிண்ட் எங்கே?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சொந்த வீடும் கார் நிறுத்த இடமும் உள்ளவருக்கு இது ஒரு பிரச்னையே அல்ல. ஆனால் மூன்றாம் மாடியில் ஓர் அறையும் சமையலறையுமாக வாடகைக்கு இருப்பவர், நாலு பேர் சேர்ந்து ஒரே ரூமில் தங்கியிருப்பவர் ஆகியோரின் நிலைமை வேறு. வண்டி தெருவில் நிற்கும். பிளக் பாயிண்ட் மாடியில் இருக்கும். ஜன்னல் வழியாக வயரைத் தொங்கவிட்டு, நடுவில் ஒட்டுப் போட்டுச் சார்ஜ் செய்வதைப் பல தெருக்களில் காண முடிகிறது. மழை நாளில் அந்த வயரில் கை வைக்கும் குழந்தையின் கதி என்ன?

ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் பேசிவிட வேண்டும். கீழ்த்தளத்தில் ஒரு பிளக் பாயிண்டும் அதற்கென்று ஒரு சப்-மீட்டரும் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு, யூனிட்டுக்கு என்ன கணக்கு என்பதையும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. பெஸ்காம் வாங்கும் கட்டணம் ஒன்று, வீட்டுக்காரர் வாங்கும் கட்டணம் வேறொன்று என்றால் மேலே போட்ட கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும்.

கர்நாடக அரசு 2023ல் கொண்டுவந்த கிருஹ ஜோதி இலவச மின்சாரத் திட்டத்தில் பயன்பெறுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் பழைய உபயோகத்தை வைத்து ஓர் அளவு நிர்ணயிக்கப்படுகிறது. அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். 200 யூனிட்டையே தாண்டிவிட்டால் அந்த மாதம் முழு பில்லையும் கட்ட வேண்டும். வண்டியால் மாதம் 30 யூனிட் கூடும் என்பதை நினைவில் வைத்து மீட்டரைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

வீட்டில் வசதி இல்லாதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. வேலை செய்யும் இடத்தில் நிர்வாகத்திடம் அனுமதி பெறலாம். பெஸ்காம் நகரின் பல இடங்களில் பொதுச் சார்ஜிங் நிலையங்களை அமைத்திருக்கிறது. தனியார் நிலையங்களும் உள்ளன. ஆனால் அங்கெல்லாம் கட்டணம் வீட்டைவிடக் கூடுதலாகவே இருக்கும். கழற்றி எடுக்கக்கூடிய பாட்டரி உள்ள வண்டி வாங்கினால் மாடிக்கே தூக்கிச் செல்லலாம். ஆனால் ஒரு பாட்டரி பத்துப் பன்னிரண்டு கிலோ கனக்கும். ஷிப்ட் முடிந்து களைத்து வருகிறவர் அதையும் யோசிக்க வேண்டும்.

வேலூர் தந்த பாடம்

2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அதே ஆண்டில் நாட்டின் வேறு சில இடங்களிலும் வண்டிகள் தீப்பற்றின. அதன் பிறகு மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாட்டரிப் பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டங்களில் அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்குவோர், அது இந்தத் தேதிக்குப் பின் தயாரானதா என்று விசாரிப்பது நலம்.

விதி கடுமையானாலும் வீட்டில் கடைப்பிடிக்க வேண்டிய ஜாக்கிரதை குறையவில்லை. ஒரே அறையில் குடும்பம் முழுதும் உறங்கும் வீடுகளுக்கு இது மிக முக்கியம்.

வண்டியையோ பாட்டரியையோ படுக்கும் அறையிலும், வெளியே போகும் ஒரே வாசற்படியை மறித்தும் வைத்துச் சார்ஜ் செய்யக்கூடாது. தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்காது. கம்பெனி கொடுத்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜரை உபயோகிக்கக் கூடாது. பிளக் பாயிண்டுக்கு எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம். வெயிலில் ஓடிவந்த வண்டியை உடனே சார்ஜில் போடாமல், அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். வண்டி கீழே விழுந்து பாட்டரி அடிபட்டாலோ, உப்பினாலோ, வாடை வந்தாலோ, சார்ஜ் போடாமல் நேரே சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். தெருமுனை மெக்கானிக் பாட்டரியைப் பிரிக்க அனுமதிக்கக் கூடாது.

பாட்டரியைத் தினமும் நூறு சதவிகிதம் நிரப்புவதும், பூஜ்யம் வரை இறக்குவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். 20க்கும் 80க்கும் இடையில் வைத்திருப்பது நல்ல பழக்கம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வண்டியைப் பாதி சார்ஜில் விட்டுவிட்டுப் போகலாம். காலியாக விட்டுப் போனால் திரும்பி வரும்போது பாட்டரி பழுதாகியிருக்கக் கூடும்.

லைசென்ஸ் வேண்டுமா?

"மின்சார வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று சிலர் பொதுவாகச் சொல்வது தவறு. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் உட்பட்ட சிறு வண்டிகளுக்கு மட்டுமே பதிவும் லைசென்சும் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் ஆர்.டி.ஓ. பதிவு, பச்சைப் பலகை, இன்ஷூரன்ஸ், ஓட்டுநர் லைசென்ஸ் ஆகிய நான்கும் வேண்டும். ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவரும் ஹெல்மெட் அணிய வேண்டும்.

சிறு வண்டியின் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, 40, 45 கி.மீ. ஓடும்படி மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாறக் கூடாது. அப்படி மாற்றிய வண்டி சட்டப்படி பதிவு செய்யாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கிடையாது. அடிபட்டவருக்குத் தர வேண்டிய நஷ்ட ஈடு ஓட்டியவர் தலையில் விழும். மாதச் சம்பளக்காரர் குடும்பத்தை அது பல ஆண்டுகளுக்குப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

ஆதார் அட்டையில் ஊர் முகவரி உள்ளவர்கள், இங்கே பதிவுக்கு எந்த முகவரிச் சான்று ஏற்கப்படும் என்று கடையில் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். கர்நாடகத்தில் பதிவான வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி.

ஓட்டுவதில் சில நுணுக்கங்கள்

பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு முதல் வாரம் சற்று வித்தியாசமாக இருக்கும். என்ஜின் சத்தம் இல்லாததால் வண்டி 'ஆன்' ஆகியிருப்பதே தெரியாது. நிற்கிற வண்டிதானே என்று கைப்பிடியைத் திருகினால் பாய்ந்துவிடும். இறங்கும்போது தவறாமல் அணைத்துவிட வேண்டும். குழந்தைகள் ஏறி விளையாட விடவே கூடாது.

மோட்டார் ஆரம்பத்திலேயே முழு இழுவையையும் கொடுப்பதால் கைப்பிடியை மெல்லத் திருகிப் பழக வேண்டும். முதல் சில நாட்கள் சிக்கன வேகத்தில், அதாவது 'ஈகோ' முறையில் ஓட்டுவது உத்தமம். பல வண்டிகளில் கைப்பிடியை விட்டவுடன் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியில் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்பும். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே கையைத் தளர்த்தினால் தூரமும் கூடும், பிரேக்கும் தேயாது.

சத்தமின்மை ஓட்டுபவருக்குச் சுகம். எதிரே நடப்பவருக்கு ஆபத்து. சந்துகளிலும், பள்ளிக்கூட வாசலிலும், மார்க்கெட் தெருவிலும் வேகத்தைக் குறைத்து ஹாரன் கொடுத்துச் செல்ல வேண்டும்.

மழைக்கு வண்டி தாங்கும். ஆனால் சுரங்கப் பாதைகளில் முழங்கால் அளவு தேங்கிய நீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கக் கூடாது. பாட்டரிப் பெட்டி நீர் புகாதது என்று கம்பெனி சொல்வது சோதனைக்கூட அளவை வைத்துத்தான். வண்டியைக் கழுவும்போது பிரஷர் பம்பு வேண்டாம். ஈரத் துணி போதும்.

ஊர்ப் பயணம்

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 90 கி.மீ. தருமபுரி, சேலம் இன்னும் தொலைவு. நெடுஞ்சாலை வேகத்தில் பாட்டரி விரைவாக இறங்குமாதலால், வழியில் நின்று சார்ஜ் செய்யாமல் போய்ச் சேருவது சந்தேகமே. மாதம் ஒருமுறை ஊருக்கு வண்டியிலேயே போகிற பழக்கமுள்ளவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். நகருக்குள் மின்சார ஸ்கூட்டர், ஊருக்குப் பஸ் அல்லது ரயில் என்று பிரித்துக்கொள்வதே உடம்புக்கும் வண்டிக்கும் நல்லது.

வாங்க நினைப்பவர் ஒரு மாதம் தாம் ஓடும் தூரத்தைத் தினமும் ஒரு தாளில் குறித்து வரட்டும். அந்த மாத முடிவில் அந்தத் தாளையும், வீட்டுக்காரரின் சம்மதத்தையும் கையில் வைத்துக்கொண்டு கடைப் படி ஏறட்டும். மாதம் 1,400, 1,500 ரூபாய் மிச்சமானால் அது ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவில் ஒரு பங்கு. ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு. தூரம் குறைவு என்று தாள் சொன்னால், ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டியையே இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.